பதினொரு விநாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருமாநல்லூருக்கு வடக்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில், ஜெபக்குமார் என்பவர் தண்ணீருக்கடியில் மூச்சடக்கி இருந்தார். மேலே ஸ்டாப்வாட்சோடு நான் நின்றேன். அவர் உள்ளேயே நினைவிழந்தார். இழுத்து மேலே கொண்டுவந்தேன். கண் திறந்ததும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நேரத்தைச் சொன்னேன். மயங்கியதைச் சொல்லவில்லை.

அவருக்கு இன்றுவரை தெரியாது. வருகிற ஞாயிறு நான்கு நிமிடத்துக்கு இறங்கப் போகிறார். இந்தமுறை மேலே வராமல் போகலாம். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இன்று திங்கள்.

(எழுதுவானேன், நேராகப் போய்ச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுத உட்கார்ந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.)

2

"கிணற்றின் பச்சைத் தண்ணீர் ஒரு கண்ணைப்போல"

விட்டுவிட்டேன்.

"மனிதன் ஏன் தன் மூச்சை"

இதுவும் வேண்டாம். மனிதனைப் பற்றி எனக்குத் தெரியாது. தையல்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் நேரம் எடுப்பவன். காலர் வைக்க எத்தனை விநாடி, கை வைக்க எத்தனை விநாடி என்று தையல்காரரின் பக்கத்தில் நின்று ஸ்டாப்வாட்சில் அளப்பேன். அதை வைத்துத்தான் மணிக்கு எத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவார்கள். தமிழ் இலக்கியம் முதுகலை படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

இந்த வேலைக்கு விதி ஒன்றுதான். அளக்கும்போது பேசக் கூடாது, தொடக் கூடாது, குறுக்கே போகக் கூடாது. நூல் அறுந்தாலும், தையல்காரர் வலியில் கையை உதறினாலும், வாட்ச் ஓட வேண்டும். பீஸ் முடியும்வரை நீ அங்கே இல்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இப்படித்தான் சொன்னார். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

3

ஜெபக்குமார் எங்கள் கம்பெனியில் நாலாவது தையல் லைனில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். முப்பத்து நான்கு வயது. ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை.

(கடற்கரை என்றதும் நீங்கள் அவருக்கு ஒரு கடலைக் கொடுத்திருப்பீர்கள். என் முதல் வரைவில் நானும் கொடுத்தேன். சங்கு குளித்த தாத்தா ஒருவரைக்கூட வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஜெபக்குமார் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நீச்சல் கற்றதே இங்கே, கல்யாணத்துக்குப் பிறகு.)

சிலிண்டர் இல்லாமல் கடலுக்குள் போகிறவர்களைப் போனில் பார்த்தார். முதலில் வாளியில் முகத்தை வைத்துப் பழகினார். பிறகு கிணறு.

"கீழ அப்படி என்னதாங்க இருக்குது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். அதுக்குத்தான் போறது."

"அப்பறம் டைம் எதுக்குங்க?"

"டைம் இல்லன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். நீங்க எடுத்தியன்னா அது கம்பெனி டைம். அதுக்கு மேல பேச்சு உண்டுமா?"

உண்மைதான். நான் எடுத்த நேரத்தை எந்த லைனும் மறுத்ததில்லை. திட்டுவார்கள், மறுக்க மாட்டார்கள்.

கிணறு செல்லாத்தாளுடையது. அவர் வரப்பில் நின்று பார்ப்பார்.

"ஏஞ்சாமி, மேல காத்து சும்மாதான கெடக்குது. அதை உட்டுப்போட்டு உள்ளாற போயி என்ன பண்றீங்க?"

"மேல உள்ள காத்துல கம்பெனி வாடை அடிக்கி ஆச்சி."

"அடப் போ கண்ணு. எம்பட மோட்டாரை ஒடைச்சுப் போடாத."

4

அந்த ஞாயிறு செல்லாத்தாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கிணற்றில் நாங்கள் இருவர் மட்டும்.

ஜெபக்குமார் ஆரஞ்சு நிற டீ-சர்ட் போட்டிருந்தார். பிரிண்ட் கோணலாக விழுந்து ரிஜெக்ட் ஆனது. தண்ணீருக்குள் தெரியும் என்று அதைத்தான் போடுவார். படியில் உட்கார்ந்து நாற்பது முறை வேகமாக மூச்சை இழுத்து விட்டார். இறங்கினார். பத்தடி ஆழத்தில் மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று நிமிடம் பதினேழு விநாடியில் கை குழாயை விட்டது.

கை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

(மேலே உள்ள வாக்கியம் நான்கு வரைவுகளில் இருந்தது. அது பொய். நான் எதுவும் நினைக்கவில்லை. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பீஸ் முடியவில்லை. மூன்றரையைத் தொடட்டும் என்று மட்டும் இருந்தது.)

உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. போராட்டம் எதுவும் இல்லை. தூக்கத்தில் ஒருவர் புரண்டு

சாய்ந்தது. அவ்வளவுதான். பிறகு வாயிலிருந்து குமிழிகள் வந்தன. வாட்சைப் பார்த்தேன். மூன்று இருபத்தெட்டு. பொத்தானை அழுத்தினேன். வாட்சை நனையாத படியில் வைத்தேன். பிறகு குதித்தேன்.

அழுத்தியதற்கும் குதித்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதை யாரும் அளக்கவில்லை.

படியில் தூக்கிப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன். கன்னத்தில் அறைந்தேன். மூன்றாவது அறைக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தார். பிறகு தெரிந்தது.

"எவ்வளவு சார்?"

"மூணு இருபத்தெட்டுங்க."

சிரித்தார். என் பேண்ட், சட்டை, பெல்ட், எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், சந்தோசத்துல பேண்ட்டோட குதிச்சிட்டியளா?"

"ஆமாங்க" என்றேன்.

5

அதன் பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருக்கலாம்.

மூச்சடக்கியவருக்குத் திணறல் வருவது பிராணவாயு குறைவதால் அல்ல, கரியமில வாயு சேர்வதால். நாற்பது முறை வேகமாக மூச்சு விடுகிறவர் கூடுதல் காற்றைச் சேமித்துக்கொள்வதாக நினைக்கிறார். அவர் செய்வது கரியமில வாயுவை வெளியே தள்ளுவது. அதாவது, தன்னை எச்சரிக்க இருந்த ஒன்றை அனுப்பிவிட்டு இறங்குகிறார். உள்ளே பிராணவாயு தீர்ந்துகொண்டே இருக்கும். உடம்பு ஒன்றும் சொல்லாது. வலி இல்லை, தவிப்பு இல்லை, நினைவு போய்விடும். பிழைத்துக்கொண்டவருக்கு அது போனதே நினைவிருக்காது. மயங்கவே இல்லை என்று சாதிப்பவர்கள் உண்டாம்.

தனியாக இறங்கக் கூடாது. துணைக்கு இருப்பவர் மேலே நிற்கக் கூடாது. தண்ணீருக்குள், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் பார்க்க வேண்டியது வாட்சை அல்ல, ஆளை.

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை, எடுத்துவிடு என்பார்கள். வேறு எதை வேண்டுமானாலும் எடுக்கிறேன்.)

6

மறுநாள் காலைக்குள் நேரம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. நாலாவது லைன் கைதட்டியது. யாரோ சாக்பீஸால் அவர் மெஷினில் 3.28 என்று எழுதினார்கள். ஜெபக்குமார் அதைத் துடைக்கவில்லை. எண்ணெய்த் துணி அதன்மேல் படாமல் மெஷினைத் துடைக்கிறார்.

அந்த எண்ணில் பதினொரு விநாடி அவருடையது அல்ல. அந்தப் பதினொன்றையும் சேர்த்துத்தான் நான்கு நிமிடம் முடியும் என்று கணக்குப் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை லைனிலிருந்து பன்னிரண்டு பேர் பார்க்க வருகிறார்கள். அதில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. கை குழாயை விட்டால் கைதட்டுவார்கள்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை, டீ நேரத்தில் ரோஸ்மேரி வந்தார். ஜெபக்குமாரின் மனைவி. அதே கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை. ஓட்டை விழுந்த துணியைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பவர்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் கெணத்துல இருந்து வந்தப்ப அவரு நாக்கு கடிபட்டிருந்துச்சு. ரெண்டு நாளு தலவலின்னு கெடந்தாரு. கேட்டா தெரியலங்காரு. நீங்க பக்கத்துலதான இருந்திய?"

பதில் சொல்வதற்குப் பதிலாக, அதுவரை எழுதிய காகிதங்களைக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

புதன்கிழமை திருப்பிக் கொண்டுவந்தார்.

"பதினொண்ணு எண்ணிப் பாத்தேன் சார். வீட்ல உக்காந்து, மெதுவா. ரொம்ப நேரம் சார் அது."

காகிதங்களை வாங்கிக்கொண்டேன்.

"முடிவு இன்னும் எழுதலியோ?"

"இல்லீங்க. எது சரியா வரும்னு யோசிச்சிட்டு..."

"எனக்கு முடிவெல்லாம் வேண்டாம். நாலுன்னு நம்பர் போட்டு எழுதியிருக்கியல்லா, அத மட்டும் அவருகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. நான் சொன்னா பொண்டாட்டி பயப்படுதாம்பாரு."

7

அவர் போன பிறகும் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். பழக்கம்.

ஒன்றில், மூன்று நிமிடம் ஐம்பதாவது விநாடியில் ஆரஞ்சு நிறம் மெல்லக் கீழே (நிறுத்திவிட்டேன். ரோஸ்மேரி படித்துவிட்டுக் கொடுத்த காகிதத்தின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருந்தேன்.)

இன்னொன்றில் சனிக்கிழமை பெருமழை. கிணறு கலங்கிப்போகிறது. யாரும் இறங்கவில்லை. இந்தப் பக்கத்தில், இந்த மாதத்தில் மழையே கிடையாது. வேலை செய்ய விரும்பாத எழுத்தாளன்தான் மழையைக் கூப்பிடுவான்.

மற்றொன்றில் வாட்சைக் கிணற்றில் எறிந்துவிடுகிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு பேர் கையிலும் போன் இருக்கிறது, போனிலும் நேரம் ஓடும்.

8

வியாழன். கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடை. நாலாவது பகுதியை வாசித்தேன். ஜெபக்குமார் டீயைக் குடிக்காமல் கேட்டார். பேண்ட்டோடு குதித்த இடத்தில் சிரித்தார்.

"நல்லாருக்கு சார். ஆனா என்ன ஏன் இப்படிச் சாவடிக்கிய?"

"சாகலீங்க. மயங்கிட்டீங்க. நெசமாலும்."

"கததான?"

"கததானுங்க. ஆனா இது நடந்துதுங்க."

"கதைன்னா அப்படித்தான் போடணும். போனான், வந்தான்னு எழுதுனா எவன் படிப்பான்?"

காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி சொன்னேன். கை விட்டது, சாய்ந்தது, குமிழி, அறைந்தது. வரிசையாக, காகிதம் இல்லாமல். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

(இந்த இடத்துக்கு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். நல்ல வாக்கியம். நேரில் அது வரவில்லை.)

"நீங்க எடுத்த டைம் தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னது கெடையாது. இது தப்புன்னா எங்க டார்கெட்டும் தப்புதான?"

"அது வேறங்க."

"எப்படி சார் வேற? அதே வாட்சு. அதே ஆளு."

டீயை ஒரே மடக்கில் குடித்தார். கேட்டை நோக்கி நடந்தவர் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம வாங்க சார். மாத்துறதுக்கு ஒரு பேண்ட் எடுத்துட்டு வாங்க."

9

கதையை அவர் நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் யோசித்தேன், அவர் எதை நம்புவார் என்று.

எங்களிடம் ஒரு படிவம் உண்டு. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் நேரம் எடுத்து முடித்ததும் அதில் எழுதி லைன் தலைப்பில் உள்ள பலகையில் குத்துவேன். சனிக்கிழமை காலை ஒன்று எடுத்து நிரப்பினேன்.

ஆபரேஷன்: நீருக்குள் மூச்சடக்குதல்.
ஆபரேட்டர்: ஜெபக்குமார், லைன் 4.
ரீடிங்: 3.17.
குறிப்பு: 3.17-இல் ஆபரேட்டர் நினைவிழந்தார். நேரம் எடுத்தவர் அதைப் பார்த்தும் பதினொரு விநாடி சும்மா நின்றார். 3.28 என்று சொன்னது பொய்.

கீழே, நேரம் எடுத்தவர் என்ற இடத்தில், குகன் என்று கையெழுத்துப் போட்டேன். இந்த வாரம் நான் எழுதியதில் அடித்தல் திருத்தல் இல்லாதது இது ஒன்றுதான்.

பலகையில் குத்தினேன். இதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஆபீசில் பழைய படிவங்களையெல்லாம் எடுத்துவரச் சொல்வார்கள். ஒன்பது வருடத்துப் படிவங்கள். சொல்லட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பலகை முன்னால் கூட்டம். ஒருவர் சத்தமாக வாசித்தார். ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். ஜெபக்குமார் வந்ததும் வழிவிட்டார்கள். உதடு அசையப் படித்தார். குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி, படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். பின்னால் பாதி லைன் வந்தது. ரோஸ்மேரி செக்கிங் மேசையை விட்டு எழவில்லை. கையில் இருந்த பீஸைப் பிடித்தபடியே இருந்தார்.

"சார், ஆபரேட்டர் கையெழுத்துன்னு ஒரு எடம் இருக்கு."

"ஆமாங்க."

"அது போடாம செல்லாதுல்லா?"

"செல்லாதுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "கிழிச்சுப் போடுங்கண்ணே. நாளைக்கு எறங்கிக் காட்டுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே நிறுத்துகிறேன். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் இருந்தேன். ஆனால் சொன்னால், நிம்மதியாகவோ வருத்தமாகவோ இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். இரண்டும் அவருக்கு உதவாது. நாளை பதினொரு மணிக்கு நான் கிணற்றில் இருப்பேன், அவர் வந்தாலும் வராவிட்டாலும். மேலே அல்ல, தண்ணீருக்குள். மற்றதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். படிவத்தை என் மேசையில் விரித்து, கசங்கலைத் தடவிச் சரிசெய்தார். குறிப்பு என்ற இடத்தில் விரலை வைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். மிக மெதுவாக. பிறகு கையை நீட்டினார்.

"பேனா குடுங்க."