காலணி அடுக்கின் பக்கம் ஒரு காடு

1

ஷூ லேஸைக் கட்டக் குனிந்திருந்தபோது ஒருவர் என்னிடம் சொன்னதிலிருந்து வந்தது இந்தக் கதை. "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? மறைக்குது."

எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் அக்டோபர் கடைசியில் போன்சாய்க் கண்காட்சி. நான் தள்ளிக்கொண்டேன். எனக்குப் பின்னால் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். யாரென்று பார்க்காமல் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டேன். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான், குனிந்த நிலையில் எதைப் பார்த்தேன் என்பது உறைத்தது.

அந்த வாக்கியமும், காலணி அடுக்கின் பக்கத்து மேசையில் குட்டிக் காடு வளர்த்திருந்த ஒரு தட்டும்தான் எனக்குக் கிடைத்தவை. மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "பொன்னிறம் பூண்ட லார்ச் மரங்கள் மலையெங்கும் மௌனமாக—"

வேண்டாம். அந்த ஊசியிலை மரங்களை நட்டவர்களுக்கு மலை ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை. மண்வெட்டி கல்லில் மோதும். மேஸ்திரியின் வாய் ஓயாது.

இரண்டாம் தொடக்கம்: தோயோஜி என்பவன் இளவயதில் கூலிக்கு லார்ச் நட்டதெல்லாம் நேர்க்கோட்டில். போருக்குப் பிறகு மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் ஆளுக்கொரு வரிசை, கீழிருந்து மேலே. கையில் ஓர் அளவுகோல். செடிக்குச் செடி ஒரு கோல் தூரம். கோடு பிசகினால் பிடுங்கி மறுபடி நடவேண்டும்.

வயதான பிறகு போன்சாய்ச் சங்கத்தில் சேர்ந்து, ஆழமில்லாத அகலத் தட்டில் லார்ச் காடு ஒன்றை அமைக்க உட்கார்ந்தான். அங்கே விதி நேர் எதிர். முன்னாலிருந்து பார்த்தால் எந்த மூன்று மரமும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. ஒன்றை ஒன்று மறைக்கவும் கூடாது.

தோயோஜியின் கைக்கு அது பிடிபடவில்லை. மொட்டு விரியும் முன் வேரைக் கோதி, வெட்டி, கம்பியால் தட்டோடு கட்டி நிமிர்ந்தால், பதினொரு மரமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

சங்கத் தலைவர் கசுகா முடிதிருத்துகிறவர். கத்தரி மாதிரியே வாய்.

"யோவ் தோயோஜி, இது காடா, தந்திக் கம்பமா? ரெண்டு குருவி பொம்மை வாங்கி உட்கார வெச்சிடு."

"கை தானா கோடு போடுதுய்யா. நான் என்ன பண்ண?"

"அப்போ கையை வீட்டுல வெச்சுட்டு வா."

பிடுங்கினான். அடுத்த வசந்தத்தில் மறுபடி நட்டான். மறுபடியும் கோடு.

(இந்த இடத்தில் பரிதாபத்துக்காக ஒரு மரத்தைப் பட்டுப்போகச் செய்திருந்தேன். எடுத்துவிட்டேன். லார்ச் அவ்வளவு லேசில் சாகாது; மனிதர்களுக்காக மரத்தைக் கொல்வது சோம்பேறி எழுத்து.)

3

அன்று அந்த மலையில், பக்கத்து வரிசையில் மிட்சுயே. [அழகி. அடித்தாயிற்று.] [கூச்சக்காரி. அதையும் அடித்தாயிற்று.] வேகமாக நடுவாள். மிசோ என்கிற சோயா விழுதைத் தடவிச் சுட்ட சோற்றுருண்டையை நின்றபடியே தின்பாள். போதும்.

மேலே போகப் போக அவள் வரிசை தோயோஜியின் வரிசைப் பக்கம் சாயும். கீழே நின்று மேஸ்திரி கத்துவார்.

"ஏ மிட்சுயே! உன் வரிசை என்ன, பக்கத்து வரிசைக்கு விருந்துக்குப் போகுதா?"

"நான் என்னங்க பண்ணட்டும்? சரிவு இழுக்குது!"

எல்லாரும் சிரிப்பார்கள், தோயோஜியும். ஆனால் சரிவு இறங்கியது மறுபக்கம். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வீடும் நிலமும் அண்ணனுக்குப் போகிற குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. எதைக் காட்டிப் பேசுவான்? அந்தக் கோடையிலேயே அவளை தூரத்து வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஒரு மாட்டுப்பண்ணைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் நட்டவை பொன்னிறமானதை அவள் பார்க்கவில்லை. மரங்களையும் பிறகு வெட்டி விற்றாயிற்று. இன்று அங்கே முட்டைக்கோஸ் விளைகிறது.

*நீ சாய்ந்ததை நான் பார்த்தேன்.* அவளிடம் சொல்ல அவனுக்கு மிச்சமிருந்தது இதுதான்.

4

தன் அக்காவின் நினைவுச் சடங்குக்கு மிட்சுயே வருகிறாள், கண்காட்சியன்று மத்தியானம் ஹொக்கைடோவுக்குத் திரும்புகிறாள் என்று கசுகாவின் கடையில் முடி வெட்டும்போது காதில் விழுந்தது. அந்த வாரம் மருத்துவமனைக்குப் போன பேருந்தில், ஜன்னலுக்கு வெளியே வேறொரு சரிவில் நட்ட லார்ச் காடு ஓடியது. குழம்பிக் கிடந்த மரங்கள் ஒரு வளைவில் திடீரென்று வரிசை வரிசையாகத் திறந்தன. அடுத்த நொடி மூடிக்கொண்டன.

தோயோஜி பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடி—

ஓடவில்லை. முழங்கால் வீங்கியவன் எங்கே ஓடுவான்? மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மொட்டுப் பருவம் வரும்வரை காத்திருந்து நட்டான். (அப்படியானால் சடங்கை ஓராண்டு தள்ளிப்போட வேண்டும். போட்டுவிட்டேன்.)

இந்தமுறை முன்னாலிருந்து பார்த்தால் காடு. இடது மூலையிலிருந்து, தட்டின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால் மட்டும் ஆறு மரம் நேர்க்கோடு. பக்கத்தில் ஐந்து, போகப் போக அதன்பால் சாய்கிற கோடு.

கசுகா முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். "கடைசியில கையை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியே! எந்த மேசை வேணும்?"

"காலணி அடுக்குப் பக்கம்."

"யோவ், காலு நாத்தத்துல காடு வாடிடும்யா!"

"வாடட்டும்."

5

முடிவு, முதல் வரைவு: அவனே அவளிடம் சொல்கிறான். நிற்காது. சொல்லக்கூடியவனாக இருந்தால் அந்த மலையிலேயே சொல்லியிருப்பான். இந்தத் தட்டே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் வரைவு: அவள் பார்த்து அழுகிறாள். எனக்கு அவளை அவ்வளவு தெரியாது.

ஆகவே இதுவரைதான். மிட்சுயே தட்டின் முன்னால் நிற்கிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் பொன்னூசிகள் பாசிமேல் உதிர்கின்றன.

"நல்லா இருக்கு, தோயோஜி. நாம நட்ட மாதிரி கட்டம் கட்டமா இல்லாம, நெசக் காடு மாதிரி."

"ம்."

"உன் முதுகு இன்னும் நிமிரலையே."

"உனக்கு மட்டும் நிமிர்ந்துடுச்சா?"

சிரிக்கிறாள். வெளியே மருமகன் காரின் ஒலிப்பானை அடிக்கிறான். காலையிலிருந்து எத்தனையோ பேர் அந்த மூலையில் குனிந்தார்கள். காலணி மாட்டுகிறவர்கள் காலைத்தான் பார்க்கிறார்கள். அவளும் இப்போது காலணி எடுக்க வருகிறாள். குனிவாள். நிமிரும்போது எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

ஆனால் அந்த இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். இரண்டு வரிசையையும் பார்த்துவிட்டீர்கள் அல்லவா?

கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். மறைக்கிறது.