தண்ணீருக்கு ஒரு டி.சி.

புதுக்கரைப் பேரூராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அந்த ஜூன் மாதம் நடுநிலையிலிருந்து உயர்நிலையாகத் தரம் உயர்த்தப்பட்டது. எட்டுத் தொட்டிகளோடு இருந்த நிலையத்துக்கு ஒன்பதாவதும் பத்தாவதும் கட்டினார்கள். வாசலில் மணி தொங்கவிட்டார்கள். பொறியாளர் எபனேசரை அன்று முதல் ஊரே எச்.எம். சார் என்று கூப்பிட்டது.

முன்பெல்லாம் எட்டாம் தொட்டியை முடித்த தண்ணீர் நேராக வாழைக்கோ சோளத்துக்கோ வேலைக்குப் போய்விடும். இப்போது ஆற்றில் சேர்வதற்குப் பத்து முடித்திருக்க வேண்டும். பத்தில் பரீட்சை உண்டு. ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, வீட்டுப் பெயர் ஒட்டி, ஐந்து நாள் இருட்டுப் பெட்டிக்குள் வைப்பார்கள். அந்த ஐந்து நாளில் குறைவாக மூச்சு வாங்கிய தண்ணீர் பாஸ்.

முதல் பரீட்சையில் ஊர் முழுக்கப் பாஸ். சண்முகக்கனி வீட்டுத் தண்ணீர் மட்டும் பெயில்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொல்லிச் சீட்டு வந்தது. கனி கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அடுத்த வீட்டு சுப்புத்தாயோடு போனாள். சுப்புத்தாய் வீட்டுத் தண்ணீர் முதல் மார்க் எடுத்திருந்தது. அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"உங்க வீட்டுத் தண்ணிக்குக் கவனமே இல்லம்மா," என்றார் எச்.எம். சார். "அடங்கி உக்காராது. எந்நேரமும் தொட்டி விளிம்புல ஏறி எட்டிப் பாக்குது. பரீட்சையில பக்கத்து பாட்டிலப் பாத்து எழுதியிருக்கு."

"பக்கத்து பாட்டில் யாரு வீட்டுது சார்?"

"சுப்புத்தாய் வீட்டுது."

"மதினி வீட்டுது முதல் மார்க்காச்சே. பாத்து எழுதியிருந்தா எங்க வீட்டுதும் பாஸாயிருக்கணும்லா? சும்மா பாத்திருக்கும் சார்."

எச்.எம். சார் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து அது சரிதான் என்றார். ஆனாலும் விதி விதிதான். பதினைந்து நாளில் மறுதேர்வு. அதிலும் பெயிலானால் பேரை வெட்டி, ஜூன் மாதத்திலிருந்து அந்த வீட்டிலிருந்து வந்த தண்ணீர் அத்தனையையும் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எம்புட்டு சார் இருக்கும்?"

"உங்க வீட்டுல ஃபேன் எந்த உயரத்துல இருக்கு?"

கனி சொன்னாள்.

"அதுவரைக்கும் வரும்."

திரும்பி வரும்போது கனி வீட்டை மனசுக்குள் ஒழுங்குபடுத்திப் பார்த்தாள். ஒரு அறை, ஒரு அடுப்படி. தொட்டிலை விட்டத்தோடு சேர்த்து ஏற்றிக் கட்டிவிடலாம். துணிமணியைப் பரணில் போடலாம். அடுப்பை எங்கே ஏற்றுவது என்பதுதான் பிடிபடவில்லை.

"பிள்ளத்துணி அலசுன தண்ணிதானளா, வெளையாட்டுப் புத்தி எங்கன போகும்?" என்றாள் சுப்புத்தாய். "எங்க வீட்டுது பாரு, பாத்திரம் வெளக்குன தண்ணி. ஊத்துன எடத்துல கெடக்கும்."

"கெடக்கும் மதினி. கொசுதான் வரும்."

மறுநாள் காலையில் சோற்றை வடித்து இறக்கிய கையோடு கனி நிலையத்துக்குப் போய்ப் பத்தாம் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் வீட்டுத் தண்ணீர் ஒரு மூலையில் நுரைத்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் விளிம்புக்கு வந்து, அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் வேலிக்கு வெளியே ஓடும் குழாயை எட்டிப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. கனியும் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குழாய் எங்கே போகிறது என்று அவளுக்கும் தெரியாது. இத்தனை நாளாய் அதைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போய்வந்திருக்கிறாள்.

அன்று அவள் குழாயோடு கூடவே நடந்தாள். கருவேலங்காட்டுக்குள் புகுந்து, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து, செங்கல் சூளையைச் சுற்றிப் போனாள். வெயில் ஏறியதும் குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டாள். குழாய் ஆற்றங்கரையில் ஒரு புங்கமரத்தின் கீழ் முடிந்திருந்தது.

மறுநாள் தொட்டிக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"கொஞ்ச தூரம் இருட்டாத்தான் இருக்கும். ரயில் போனா மேல தடதடங்கும், பயப்படாத. சூளைப் பக்கம் லேசாச் சுடும். அப்புறம் ஒரு புங்கமரம்."

தண்ணீர் நுரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு நாளும் அது எதையோ கேட்கும். கனி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள். புங்கமரத்துக்கு அப்பால் கல்பாலம். பாலத்துக்கு அப்பால் துணி துவைக்கிறவர்கள். அதற்கும் அப்பால் ஆறு கிழக்கே திரும்பிவிடும்.

"அந்தத் திருப்பத்துக்கு அங்கிட்டு என்னன்னு எனக்குத் தெரியாது," என்றாள் ஒன்பதாம் நாள். "பிள்ளையத் தூக்கிட்டு அம்புட்டு தூரம் நடக்க முடியாது. அதை நீதான் போய்ப் பாக்கணும். பாஸானாத்தான் விடுவாவ."

தண்ணீர் மூலைக்குப் போய் உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது.

மறுதேர்வு முடிந்த ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு எச்.எம். சார் மார்க்கைப் படித்தார். முப்பத்தெட்டு. முப்பத்தைந்துக்குப் பாஸ்.

ஆனாலும் டி.சி. இல்லாமல் ஆற்றில் சேர்க்க மாட்டார்கள். டி.சி. புத்தகம் அப்போதுதான் அச்சாகி வந்திருந்தது. அதில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி விட்டிருந்தார்கள். முதல் பரீட்சையில் பாஸான தண்ணீரெல்லாம் இதற்காகத்தான் இன்னும் முற்றத்தில் காத்திருந்தது. எச்.எம். சார் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் துப்புரவாகத் தெளிந்திருந்தது. ஒரு மச்சம் இல்லை, ஒரு தழும்பு இல்லை. சுப்புத்தாய் யோசித்து, தன் வீட்டுத் தண்ணீருக்குக் கண்மையால் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். மை கரைந்ததால் அதை மறுபடி ஒன்பதாம் தொட்டியில் போட்டார்கள். மற்றவர்கள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

கனி தன் வீட்டுத் தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பார்ப்பதுபோல மேலிருந்து பார்த்தாள்.

"உச்சியில சுழி இருக்கு சார். ரெட்டைச் சுழி."

எச்.எம். சாரும் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னச் சுழிகள், ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் சுற்றிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வரிக்கும் ஆச்சு," என்று எழுதிக்கொண்டார். நன்னடத்தை என்ற இடத்தில் சற்று யோசித்து, 'ஆர்வம் உண்டு' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

மதகைக் கனியே திறந்தாள். தண்ணீர் குழாய்க்குள் போயிற்று. அவள் அங்கே நின்று, ரயில் பாதை, சூளை, புங்கமரம் என்று ஒவ்வொரு இடமாக நேரம் கணக்குப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அடுப்பு தரையிலேயே இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலையில் முதல் மணி அடித்தபோது நிலையத்து வாசலில் ஆறு வந்து நின்றது. சேர வேண்டும் என்றது. இங்கே சேர்ந்தால் என்னவெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்று அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. எச்.எம். சார் கனிக்கு ஆளனுப்பினார்.

"வயசு தெரியலியேம்மா. எந்தத் தொட்டியில சேக்க?"

"தலையச் சுத்திக் காதத் தொடச் சொல்லுங்க சார்."

ஆறு தன் வடக்கு வாய்க்காலை மலைக்குப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து தெற்குக் கரையைத் தொட்டது.

"எட்டுது," என்றாள் கனி.

எச்.எம். சார் பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதி, முதலாம் தொட்டியில் சேர்த்துக்கொண்டார். மத்தியானம் வெல்லமும் சாணமும் கரைத்த சத்துணவு உண்டு. ஆறோ தட்டு கொண்டுவரவில்லை. கனி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒரு தட்டு எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.