நடுக்கடை

செல்லப்பன் கடையின் ஏழாவது பலகை அன்றைக்கும் சிக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் செஞ்சிக் கடைத்தெரு முழுக்கப் பலகைக் கதவுதான். நம்பர் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் காடிப் பள்ளத்தில் செருகித் தள்ள வேண்டும். அவன் குத்தினான், உதைத்தான், பலகை அசையவில்லை. "போன மழைக்கு ஊறுனது ராஜகோபாலு, இன்னும் காயல. ஆசாரி வீராசாமிய வுட்டு இழைக்கணும்" என்றான். இரண்டு வருஷமாக இதே பேச்சு. நானும் தலையாட்டிவிட்டுப் போனேன்.

அவனுடையது நாட்டு மருந்துக் கடை, ஓட்டுக் கூரை. ஒரு பக்கம் என் ஜவுளிக் கடை, மறுபக்கம் சம்பந்தத்தின் நெல் மண்டி. எனக்கும் செல்லப்பனுக்கும் பொதுச்சுவர். இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். முன்பெல்லாம் அவன் கல்லாவிலிருந்தே ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். அதைப் பார்த்தபடிதான் சாயங்காலம் டீ குடிப்போம். அந்த டீயின் ருசி அதன்பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் எனக்கு வியாபாரம் கொழுத்தது. சம்பந்தம் மாடி எழுப்பினான் என்று நானும் எழுப்பினேன். அவன் இரண்டாவது மாடி போட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று. மாடியில் குடியிருந்த மகள் சாந்திக்கும் மாப்பிள்ளைக்கும் இடம் போதவில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு, அறுபத்து நாலு சித்திரையில் செங்கல் இறக்கினேன். உண்மையில் அது வீம்பு.

மறுநாள் காலையில் கொத்தனார் பொன்னுசாமி வாசலில் குந்தி நூல் பிடித்துப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை.

"மொதலாளி, இனிமே மறைக்கக் கூடாதுங்க. இது தூர்த்த குட்டை. ரெண்டு பக்கமும் மாடி மேல மாடி ஏத்துனா நடுவுல இருக்கிற மண்ணு இன்னா பண்ணும்? செல்லப்பன் கடை ஒரு சாண் எறங்கியிருக்குது. இன்னொரு மாடி ஏத்துனா அந்தக் கூரை நிக்காது."

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த வெயிலில் எந்தப் பலகை காயாமல் இருக்கும்? இது எனக்கு உறைக்கவே இல்லையே என்று அவமானமாக இருந்தது. நேரே செல்லப்பன் கடைக்குப் போனேன். ஒரு காலத்தில் படியேறிப் போன கடைக்குள் இப்போது காலைத் தாழ்த்தி இறங்க வேண்டியிருந்தது. அவன் தட்டில் சுக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"செல்லப்பா, பலகை சிக்குறது மழையால இல்லடா. என் மாடியால."

அவன் நிமிரவில்லை. "தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"ரெண்டு வருசமா. பொன்னுசாமி சொன்னாரு. ஒன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அவரு வாயக் கட்டி வெச்சேன்."

"ஏன்டா?"

"சொன்னா இன்னா பண்ணுவ? பொண்ணு குடியிருக்கிற மாடிய இடிப்பியா? என்னப் பாக்கறப்பல்லாம் தலையக் குனிஞ்சிக்கினு போவ. டீ குடிக்கக்கூட வர மாட்ட. அதுக்குப் பலகைய இழைச்சிக்கிறது சுலுவு."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செங்கல்லத் திருப்பி அனுப்பிடறேன்" என்றேன். சரி என்றான். ஏற்கெனவே நிற்கிற மாடியை என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் மாடியில் சாந்தி நடக்கும் சத்தம் கேட்டது. பொதுச்சுவரின் விரிசலிலிருந்து ஒரு சிட்டிகை மண் உதிர்ந்தது. செல்லப்பன் அண்ணாந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டி, சுக்குத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.