‘வாறன்’ என்பதற்கு ஆங்கிலம்

1.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் உண்டாக்கிய கதையல்ல. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எனக்கு மேல்மாடியில் குடியிருக்கும் அஜந்தா, படிக்கட்டில் நின்றபடி சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, “அண்ணை, இதை எழுதிப்போடாதேங்கோ” என்றாள். எழுதுகிறவனிடம் சொல்லும் வார்த்தையா அது?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[விளக்குகள் மங்கின. பதினேழு வாத்தியக்காரருக்கு முன்னால் நின்ற பெர்ல் ஸில்பர்மன், தன் பட்டுப் போன்ற குரலில்

வேண்டாம். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

2.
தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். பெர்ல் ஒரு யூதப் பெண். 1950களில் மொன்றியல் நடன மண்டபங்களில் பெரிய வாத்தியக் குழுவோடு பாடியவள். பின்னாளில் முப்பது வருடம், வீட்டைவிட்டு வெளியேற முடியாத முதியவர்களுக்குச் சம்பளமில்லாமல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். தொண்ணூற்றிரண்டு வயதிலும் “கிழடுகள் பசியோடு இருக்கும்” என்று புறப்படுவாளாம். அந்தக் கிழடுகளில் முக்கால்வாசிப் பேர் அவளுக்கு இளையவர்கள்.

அந்தச் சாப்பாட்டைச் சமைக்கும் கூடத்தில்தான் அஜந்தாவுக்கு வேலை. பீற்றூட் சீவும்போது ஒருநாள் பெர்ல் பாடினாளாம்.

“மைக் இல்லாமலே பானை மூடியெல்லாம் அதிர்ந்திது, அண்ணை.”

(அது குளிர்ப்பெட்டியின் மோட்டாராக இருந்திருக்கலாம் என்றேன். முறைத்தாள். இந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி எடுக்காமல் விட்டேன்.)

3.
ஜனவரி, ஞாயிறு மத்தியானம். பெர்ல் அஜந்தாவைத் தொலைபேசியில் அழைத்தாள். நெஞ்சை இறுக்குகிறது, வாயுவாக இருக்கும் என்றாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி அஜந்தா இரண்டு தரம் கெஞ்சினாள். பெர்ல் “பார்ப்போம்” என்றாள். பேச்சை முடிக்கும்போது அஜந்தா தன் அரைகுறை ஆங்கிலத்தில், “ஓகே பெர்ல், ஐ கம்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

நமக்கு விளங்கும். சுகமில்லாத மனுசியிடம் எந்தத் தமிழ்ச்சி “போறன்” என்பாள்? நாம் போகும்போதும் “வாறன்” என்றுதான் சொல்வோம்; தொலைபேசியை வைக்கும்போதும் அதுதான் வாயில் வரும். பெர்லுக்குத் தமிழ் தெரியாது.

திங்கட்கிழமை காலை, வாசலோரக் கதிரையில் அவளைக் கண்டார்கள். கோட்டும் சப்பாத்தும் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, மடியில் கைப்பையோடு இருந்தாள். கதவு பூட்டியிருக்கவில்லை.

4.
துக்க வீடு. யூத வழக்கப்படி கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். உயரம் குறைந்த முக்காலியில் இருந்த மகள் நயோமி, பழக்கூடையோடு போன அஜந்தாவின் கையைப் பிடித்தாள்.

“அம்மா யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்? உங்களுக்குத் தெரியுமா?”

முடிவு ஒன்று: அஜந்தா சொல்கிறாள். நயோமி அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். (படத்தில் நடக்கும்.)

முடிவு இரண்டு: “தெரியாது” என்கிறாள். (பிறகு எப்படி நித்திரை கொள்வாள்?)

முடிவு மூன்று: நயோமி கையை உதறிவிட்டு, நீதான் என் தாயை

இதை முடிக்க எனக்குத் தைரியமில்லை.

நடந்தது இவ்வளவுதான்: அஜந்தா, “பிறகு கதைப்பம்” என்பதை எப்படியோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நாளைக்கு நயோமி வன்கூவருக்குத் திரும்புகிறாள்.

மூன்று முடிவுகளையும் அஜந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“எழுதினது போதும், அண்ணை. உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருந்தானே. நீங்கள் ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோவன். ‘வாறன்’ எண்டால் என்னெண்டு அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துங்கோ.”

“நான் கதை எழுதுறவன், அஜந்தா” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவள் இன்னும் என் வாசலில்தான் நிற்கிறாள். நயோமியின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு அவள் கையில் இருக்கிறது. உங்களில் யாராவது பேசுகிறீர்களா?