பழுதாகாத வண்டி

லாவோன் பொய் சொல்லிப் பழகாதவள். அதனால்தானோ என்னவோ, அவள் சொன்ன ஒரே பொய்யை ஊரே நம்பிவிட்டது. அப்பாவின் பிக்கப் வண்டி பழுதாகிக் கொட்டகையில் நிற்கிறது, அதற்கான உதிரிபாகம் ஃபார்கோ நகரத்திலிருந்து வரவேண்டும், இன்னும் வந்தபாடில்லை என்பதுதான் அந்தப் பொய். உண்மையில் வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. பேட்டரி வயரை அவளே கழற்றிவிட்டுச் சாவியைக் கொண்டுபோய், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள்.

கேடு வந்திருந்தது அப்பா ஆர்வினுக்குத்தான். வயது எண்பத்து நாலு. அறுவடை முடிந்த சமயத்தில் ஒருநாள் யாருடைய வேலியையோ இடித்துத் தள்ளி, முள்கம்பியும் வேலிக்கட்டையும் வண்டிக்குப் பின்னால் இழுபட வீடு வந்து சேர்ந்தார். இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார். கம்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு எந்தக் கம்பி என்றார். மூளை தேய்ந்துகொண்டே வருகிறது, இனிமேல் வண்டி ஓட்ட விடாதே என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அரிசோனா வெயிலில் கால் நீட்டிக் கிடக்கும் தம்பி கர்ட்டோ, சாவியை வாங்கி வைத்துக்கொள், அவ்வளவுதானே என்று போனில் சொல்லிவிட்டான். அவனுக்கென்ன, அவனுக்கு அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வராது. காலொடிந்து கிடப்பவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பரவாயில்லை, ஒன்றும் மோசமில்லை என்பான். அவர்களில் ஒருத்தியான லாவோன், வாழ்நாளெல்லாம் கோதுமை விதைத்த மனிதரிடம், பக்கத்து வீடே அரை மைல் தள்ளியிருக்கும் இடத்தில், இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று எப்படிச் சொல்வாள்? அவரை உயிரோடு மூலையில் உட்காரவைப்பதற்குச் சமம் அது. அதனால் அவரிடமும் அதே பொய்யைத்தான் சொன்னாள். ஊர்க்காரர்களிடம் அவர் உளறியதெல்லாம் நல்லவேளையாக வேடிக்கைப் பேச்சு என்று போயிற்று. ஆர்வின் ஆதியிலிருந்தே கிண்டல்காரர். எதிரில் நிற்பவர் பேர் தெரியாமல் அவர் விழித்தால்கூட, பார் கிழவனுக்கு எவ்வளவு குறும்பு என்று சிரித்தார்கள். லாவோனும் கூடவே சிரித்தாள். அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டு, சவரம் செய்துவிட்டு, கேள்வி கேட்பவர்களுக்கு அவருக்கு முன்னால் முந்திக்கொண்டு பதில் சொல்லி, ஒரு குறையும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

ஜனவரி மாதம். வெளியே கொட்டிய தண்ணீர் தரையில் விழுவதற்குள் உறைந்துபோகும் குளிர். பிற்பகலில் வேலை முடிந்து வந்து பார்த்தால் வீட்டில் அவர் இல்லை. பூட்ஸைக் காணோம். தடித்த கோட்டு மட்டும் ஆணியிலேயே தொங்கியது.

கொட்டகையில் தேடினாள். தானியக் களஞ்சியங்களைச் சுற்றி ஓடினாள். காற்று பனியை வாரி இறைத்ததில் காலடித் தடம் ஒன்றுகூட மிச்சமில்லை. கோட்டு இல்லாமல் இந்தக் குளிரில் ஒரு கிழவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். போலீஸுக்குப் போன் செய்யப் போனவள் செய்யவில்லை. செய்தால் எல்லாம் வெளியே வந்துவிடும், அவரைப் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர் என்பார்கள். அப்பாவின் உயிரைவிடத் தன் பொய் பெரிதாகிவிட்டதா என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு தலையைத் தூக்கியது. பனியில் விழுந்து, வலியில்லாமல், தூக்கம் போல முடிந்துபோயிருந்தால் நல்லதுதானே, இரண்டு பேருக்குமே நல்லதுதானே என்று. அப்படி நினைத்ததற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் க்ளேட்டனுக்குப் போன் செய்தாள். அவர் சாவகாசமாக, ஆர்வின் மத்தியானமே நடந்து வந்து தன் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்.

"பாவம் லாவோன், மாசக்கணக்கா வண்டியில்லாம கெடக்காரு. எனக்கே மனசு கேக்கல. எத்தன நாள் வேணும்னாலும் வெச்சுக்குங்கன்னு சாவியக் குடுத்துட்டேன்."

"எங்க போறேன்னு சொன்னாரு?"

"நான் எங்க கேட்டேன்?"

கேட்க மாட்டார்தான். வண்டி இரவல் கேட்டவனிடம் எங்கே என்று கேட்பது அங்கே மரியாதையில்லை. அவள் சொன்ன பொய்யைக் கேட்டு இரக்கப்பட்டுத்தான் அந்த நல்ல மனுஷர் சாவியைக் கொடுத்திருக்கிறார். யாரைக் குறை சொல்வது?

லாவோன் காரை எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே கட்டம் கட்டமாக ஓடும் சாலைகளில் அலைந்தாள். வானமும் தரையும் ஒரே வெள்ளை. பள்ளத்தில் எங்காவது வண்டி கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. கடவுளே, யார் மேலும் மோதாமல் இருக்கட்டும் என்று வேண்டினாள். பிறகு, உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டினாள். இந்த வரிசையில் வேண்டியது அவளுக்கே உறைத்தது. பொழுது சாயும் நேரத்தில் க்ளேட்டன் கூப்பிட்டார். உங்கப்பா பெட்ரோல் பங்கில் ஜோராகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார், நானும் ஒருத்தர் வண்டியில் தொற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன் என்றார்.

பெட்ரோல் பங்கின் உள்ளே, ஜன்னலோர மேஜையில் பகடை உருட்டிக்கொண்டு வழக்கமான கிழவர் கூட்டம். காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்பதற்கான பகடை. நடுவில் ஆர்வின், மெல்லிய சட்டையோடு, காது சிவந்துபோய். கோதுமை முளைத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தேன் என்று அவர் சொல்ல, வெளியே முழங்கால் உயரப் பனி கிடக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாரும்மா, டேங்க்க ரொப்பிக் கொண்டாந்திருக்காரு. இந்தக் காலத்துப் பசங்க செய்வாங்களா?" என்றார் க்ளேட்டன். மேஜைமேல் கிடந்த சாவியை ஆர்வின் பக்கமாகத் தள்ளினார். "ஒங்க பார்ட் வர்ற வரைக்கும் நீங்களே வெச்சுக்குங்க ஆர்வின்."

ஆர்வினின் கை சாவியை நோக்கிப் போயிற்று. இனி அவள் வாய் திறக்காவிட்டால் நாளைக்கு யார் வீட்டுப் பிள்ளையோ சக்கரத்தடியில் கிடக்கும். லாவோன் சாவியின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"பார்ட் எதுவும் வரப்போறதில்ல. வண்டி நல்லாத்தான் இருக்கு. சாவிய நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்." க்ளேட்டன் பக்கம் திரும்பினாள். "அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சு க்ளேட்டன். அவரு ஓட்டக்கூடாது. யாரும் அவருக்கு வண்டி குடுக்காதீங்க."

பகடை உருட்டியவர் கையை அப்படியே வைத்துக்கொண்டார். பெரும்பாலோர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தவர்களின் பார்வையிலும், ஓயாத வேலையில் இவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்கிற பரிதாபம்தான் தெரிந்தது. இத்தனை மாதமாகப் பார்த்துப் பார்த்து அவள் மூடிவைத்ததை ஒரு பேச்சில் யார் நம்புவார்கள்?

ஆர்வின் அவளையே பார்த்தார். கண் தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே லாவோன்," என்றார். "ஏன் கேக்கல?"

அவர் கோபப்படவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். காப்பிக்கு நன்றி என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். கார்ல இருக்கேன், நீ மெதுவா வா என்று மகளிடம் சொல்லிவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார். கிழவர்களில் ஒருவர், நல்லாத்தானே பேசுறாரு என்று முணுமுணுத்தார்.

வெளியே குளிருக்காக எஞ்சினை அணைக்காமல் விட்ட வண்டிகள் வரிசையாகப் புகைந்துகொண்டு நின்றன. ஆர்வின் லாவோனின் நீலக் காரைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்த்தார். கடைசியில் யாருடையதோ ஒரு சிவப்புக் காரின் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி காத்திருந்தார். காருக்குச் சொந்தக்காரியான ஒரு இளம்பெண் சாமான் பையோடு வந்து கதவைத் திறந்து, திடுக்கிட்டுப் பின்வாங்கி நின்றாள். அவர் அவளைப் பார்த்து, போலாமா என்பது போலத் தலையசைத்தார்.

ஜன்னலோர மேஜையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. க்ளேட்டன் லாவோனின் கைக்கு அடியிலிருந்து சாவியை மெதுவாக இழுத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினார்.

வெளியே போகவேண்டும் என்று லாவோனுக்குத் தெரிந்தது. ஆனாலும் மேஜையருகிலேயே நின்றாள். இவர்கள் நம்பவேண்டும் என்றுதான் கொஞ்சம் முன்னால் தவித்தாள். இப்போது நம்பிவிட்டார்கள். ஒரே ஒருவராவது நம்பாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.