மேனேஜருக்கு விட்ட சொட்டு மருந்து

தாய்மாமன் வாயாலேயே அதைச் சொல்ல வைக்காமல் விடப்போவதில்லை என்று சாவிக்காரம்மா மனசுக்குள் கறுவிக்கொண்டு ஒரு மழைக்காலம் போய், பனிக்காலமும் போய், வெயில் காலம் வந்துவிட்டது. கறுவல் மட்டும் ஆறவில்லை.

தாய்மாமன் என்றால் அவளுக்குத் தாய்மாமன் இல்லை. எதிர் வரிசையில் நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருப்பவன். போர்டில் ‘உங்கள் செல்லங்களின் தாய்மாமன்’ என்று பெரிதாக எழுதி, இடுப்பில் ஒரு நாயும் தோளில் ஒரு பூனையுமாகத் தன் படத்தையே போட்டிருந்தான். வேன் கண்ணாடியிலும் அதே படம், அதே பல். தெரு அவனை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவனுக்கும் அதில் ஏகப் பெருமை.

சாவிக்காரம்மா பூட்டு சாவிக்கடை வைத்திருந்தாள். கடையில் அவளும் அவள் நாத்தனாரும்தான். நாத்தனார் கல்லாவில் உட்கார்ந்து தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் விமர்சனம் செய்வாள். மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தது. சாம்பல் நிறப் பூனை. வேலை என்று ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது, ஆனால் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் முறைக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பேர்.

போன மழைக்காலத்தில் மேனேஜருக்குக் காதுக்குப் பின்னால் உண்ணி ஏறிவிட்டது. ஈரம் தட்டினால் உண்ணி வரத்தானே செய்யும் என்று சாவிக்காரம்மா அதைத் தூக்கிக்கொண்டு எதிரே போனாள். தாய்மாமன் ஒரு சின்னக் குப்பியை உடைத்தான். பெரிய நாய் படம் போட்ட குப்பி.

“இது நாய்க்கு உள்ளது மாதிரி இருக்கே?” என்று அவள் கேட்டாள்.

“நாயோ பூனையோ, உண்ணி ஒண்ணுதானேக்கா! இது சின்ன உடம்பு, கால்வாசி விட்டாப் போதும். நான் எத்தன பாத்திருக்கேன்!” என்று பிடரியில் சொட்டுச் சொட்டாக விட்டான்.

சாயங்காலத்துக்குள் பூனைக்குக் காது துடித்தது. பிறகு காலெல்லாம் வெடவெடவென்று உதறியது, வாயில் நுரை. அவள் பதறிக்கொண்டு அவனிடம்தான் ஓடினாள். நேராக டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். “பயப்படாதீங்க, மருந்து வேல செய்யுது, அதான் உதறல். தூங்க விடுங்க, சரியாப்போவும்” என்று அவன் கதவைச் சாத்தினான். அவள் நம்பித் தூங்க விட்டாள். விடிந்ததும் டாக்டரம்மாவிடம் கொண்டு போனபோது மேனேஜர் விறைத்துக் கிடந்தது.

“நாய்க்கான உண்ணி மருந்துல சிலது பூனைக்கு நேரடி விஷம்மா” என்றாள் டாக்டரம்மா. “அளவக் குறைச்சா மட்டும் தப்பிச்சிடாது. உடனே வெதுவெதுப்பான தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவி இங்க தூக்கிட்டு வந்திருந்தா, காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருந்துச்சு.”

தப்பு செய்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் என்ன செய்தான்? “நான் மருந்தே விடல. இவ கடையில எலி மருந்து வெச்சிருக்கா, அதத் தின்னுட்டுப் பூனை போயிடுச்சு. வளக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு வளக்கணும்?” என்று தெரு பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மருந்து விட்டபோது கூட இருந்தது அவளும் மேனேஜரும் மட்டும்தான். யார் சாட்சி? தெரு நம்பியது. பூனை வைத்திருந்தவர்கள் அவளைப் பார்த்தால் பூனையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அதுதான் அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது.

அந்த வெயில் காலம் கொஞ்சநஞ்சமா? தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. மத்தியான வேளையில் தாய்மாமன் வேனைத் தன் கடை வாசலில் நல்ல வெயிலில் நிறுத்திவிட்டு, டீக்கடைக்குள் போனான். வண்டிக்குள், குளிப்பாட்டக் கூட்டி வந்த பேங்க் மேடத்தின் நாய். உருண்டை என்று பேர். சப்பை மூக்கு, உருண்ட உடம்பு, சும்மா நடந்தாலே புஸ்புஸ் என்று மூச்சு வாங்கும். அவன் வழக்கம் என்னவென்றால், இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவான். “நாய்க்கு உள்ள ஊட்டி மாதிரி இருக்கும்” என்பான். அன்றைக்கு உருண்டை ஜன்னலோரம் எகிறிக் குதித்ததில், கதவைப் பூட்டுகிற பொத்தானில் கால் பட்டுவிட்டது. எல்லாக் கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டது. அதுவாவது பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் இருமி இருமி நின்றது.

டீயைக் குடித்து, அரட்டையடித்துவிட்டு வந்து பார்த்தவனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. தெருவைக் குறுக்கே கடந்து ஓடி வந்தான், வேறு எங்கும் இல்லை, சாவிக்காரம்மாவின் கடைக்கு.

“அக்கா! அக்கா! வண்டி பூட்டிக்கிச்சு! நாய் உள்ள இருக்கு!”

நாத்தனார் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. “யாரு? தாய்மாமனா? சீர் கொண்டாந்திருக்கீங்களா?”

“விளையாடாதீங்க, சீக்கிரம்!”

சாவிக்காரம்மா கம்பியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். உருண்டை சீட்டில் படுத்து, நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. நாக்கு கருஞ்சிவப்பாக இருந்தது.

நாத்தனார் பின்னாலேயே வந்து காதில் சொன்னாள். “அண்ணி, இதவிட நேரம் வராது. மேனேஜருக்கு மருந்து விட்டது யாருன்னு எல்லார் முன்னாடியும் கேளுங்க. சொன்னாத்தான் கம்பிய நீட்டணும்.”

சாவிக்காரம்மாவுக்கும் அதுதான் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தை. அவன் கண்ணில் அந்தப் பயம், சுற்றிலும் தெரு. “டேய்” என்று ஆரம்பித்தும் விட்டாள். உள்ளே உருண்டை எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் பக்கவாட்டில் சரிந்தது. கால் உதறியது. அதே உதறல்.

“இவன் நாசமாப் போக” என்று சொல்லிவிட்டு, நாய் கிடந்த பக்கத்தை விட்டுச் சுற்றி எதிர்ப் பக்கம் போனாள்.

“அக்கா, கம்பி விட்டுத் திறங்க! கண்ணாடி வேணாம்! புது வண்டிக்கா!”

“கம்பி விட்டா நேரமாகும்.” அது உண்மைதான். ஆனால் அவள் தேர்ந்தெடுத்தது அவன் பல் தெரிகிற கண்ணாடியை. அது வேறு விஷயம். முதல் அடி அவன் மூக்கில் விழுந்தது. இரண்டாவது அடி பல்லில். கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. வாழ்நாளில் எத்தனையோ பூட்டு திறந்திருக்கிறாள், இந்த ருசி ஒன்றிலும் இருந்ததில்லை.

நாயை நிழலில் கிடத்தி, டீக்கடைக் குடத்துத் தண்ணீரை வயிற்றிலும் காலிடுக்கிலும் ஊற்றினார்கள். நாத்தனார் அட்டையால் விசிறினாள். ஈரத் துண்டு போட்டு ஆட்டோவில் ஏற்றி, டாக்டரம்மாவிடம் விரட்டினார்கள். நாயை மடியில் வைத்துக்கொண்டு சாவிக்காரம்மா, பக்கத்தில் தாய்மாமன்.

“அக்கா, மேடம் கேட்டா வண்டி விஷயம் சொல்லவேணாம். நீங்க எது கேட்டாலும் செய்யறேன்.”

அவள் துண்டை நகர்த்தி நகர்த்தி நாய் மேல் காற்றுப் படும்படி செய்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா நாயை வாங்கிக்கொண்டே, “என்ன ஆச்சு? சரியாச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரிதான் வைத்தியம்” என்றாள்.

தாய்மாமன் முந்திக்கொண்டான். “எதையோ தின்னுடுச்சு டாக்டர். தெருவுல எலி மருந்து கிடந்திருக்கும்.”

சாவிக்காரம்மா அவன் பக்கம் திரும்பினாள். அதே பொய். ஒரு எழுத்து மாறவில்லை.

“பொய் சொல்றான் டாக்டர்! பூட்டின வண்டிக்குள்ள வெயில்ல கிடந்துச்சு. நான்தான் கண்ணாடிய உடைச்சு எடுத்தேன்.”

“பழைய பக டாக்டர், அதான் இப்படிப் பேசுது!”

டாக்டரம்மா அவனைப் பார்க்கவே இல்லை. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், நனைந்த முடியைத் தொட்டாள். “அனலாக் கொதிக்குது. ஃபேனப் போடு, ட்ரிப்ஸ் எடு” என்று உள்ளே ஓடினாள்.

அந்த நேரத்தில் இரண்டு ஆட்டோ வந்து நின்றது. ஒன்றிலிருந்து, யாரோ போன் போட்டுச் சொல்லி, பேங்க் மேடம் இறங்கினாள். மெலிந்த, சத்தம் போடாத அம்மா. இன்னொன்றிலிருந்து நாத்தனார், டீக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், அவர் பெண்டாட்டி என்று பாதித் தெரு இறங்கியது. அத்தனை பேரும் ஒரு ஆட்டோவில் எப்படி ஏறினார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

தாய்மாமன் மேடத்திடம் ஓடினான். “மேடம், இந்தம்மா கடைப் பக்கம்தான் வந்துச்சு உருண்டை. எலி மருந்து…”

“யோவ்!” என்றார் டீக்கடைக்காரர். “வண்டிக்குள்ள செத்துக்கிட்டிருந்தத நாங்க எல்லாருமே பாத்தோம்யா. என் கடையிலதானே உக்காந்து ரெண்டு டீ குடிச்ச?”

டாக்டரம்மா வெளியே வந்தாள். “விஷமெல்லாம் இல்ல. வெக்க அடிச்சிருக்கு. சப்ப மூக்கு நாய்க்கு இன்னும் சீக்கிரம் ஏறும். பொழைச்சிடும்னு நெனைக்கிறேன், ராத்திரி தாண்டணும். எலி மருந்துன்னு நம்பி வாந்தி எடுக்க வெச்சிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்.”

பேங்க் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாய்மாமனைப் பார்த்தாள். ரொம்பத் தணிந்த குரலில் கேட்டாள். “இவங்க பூனை செத்தப்பவும் எலி மருந்துன்னுதானே எங்கிட்டச் சொன்னீங்க?”

சாவிக்காரம்மா அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

“சொல்லு.”

“அக்கா…”

“அக்காவும் வேணாம் தங்கச்சியும் வேணாம். மேனேஜர் பிடரியில மருந்து விட்டது யாரு?”

அவன் தரையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். “நான்தான். நாய் மருந்து. பூனைக்கு ஆவாதுன்னு சத்தியமாத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சப்போ… கடை போயிடும்னு பயந்துட்டேன்.”

இஸ்திரிக்காரர் பெண்டாட்டி, “அடப்பாவி, நான் இந்தக்காகிட்டப் பேசுறதையே விட்டுட்டேனே!” என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

சாவிக்காரம்மா அழுவாள் என்று நாத்தனார் எதிர்பார்த்துக் கையைப் பிடித்தாள். அவள் அழவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இன்னும் வேண்டும் என்றும் இருந்தது.

உருண்டை பிழைத்தது. பேங்க் மேடம் சும்மா விடவில்லை, கடையை மூட வைக்கப் புகார் கொடுக்கக் கிளம்பினாள். கண்ணாடியை உடைத்து நாயை எடுத்த சாவிக்காரம்மாதான் முக்கியமான சாட்சி. தாய்மாமன் வந்து கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என் பொழப்பே போயிடும்க்கா. நீங்க ஒரு வார்த்த மேடம்கிட்டச் சொன்னா விட்டுடுவாங்க.”

“உள்ள வெச்சு நாலு மிதி மிதிக்கலாம் அண்ணி” என்றாள் நாத்தனார். “மருந்து வேல செய்யுதுன்னு சொல்லிக்கலாம்.”

சாவிக்காரம்மா அரத்தால் ராவிக்கொண்டிருந்த சாவியை ஊதிப் பார்த்தாள். “கடைய மூடினா என்ன பண்ணுவ? வேற தெருவுல போயி வேற படம் ஒட்டுவ. வேற யாரோட பூனையவாவது கொல்லுவ. வேணாம். நீ இங்கயே இரு. என் கண்ணு முன்னாடியே இரு.”

அவன் கும்பிடப் போனான்.

“கைய எறக்கு. இன்னும் முடிக்கல. பூனையத் தூக்கிட்டு யாரு உன் கடைக்கு வந்தாலும், உள்ள விடறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு சொல்லணும். நாய் மருந்தப் பூனைக்கு விடக் கூடாது, நான் விட்டு ஒரு பூனை செத்துப்போச்சுன்னு. சத்தமாச் சொல்லணும். இங்க உக்காந்திருக்கற எனக்குக் கேக்கணும். ஒரு நாள் கேக்கலன்னாலும் மேடத்தோட போயி நானே கையெழுத்துப் போடுவேன்.”

“எத்தன நாளைக்குக்கா?”

“மேனேஜர் எந்திரிச்சு வந்து போதும்னு சொல்ற வரைக்கும்.”

மேடத்திடம் அவளே போய்ப் பேசினாள். மேடம் ஒரு நிபந்தனை போட்டாள்: வேனில் இனி ஒரு உயிரும் ஏறக் கூடாது. அதற்கும் அவன் தலையாட்டினான்.

மறுபடியும் மழைக்காலம் வந்தது. சுவரெல்லாம் ஓதம், எங்கு பார்த்தாலும் உண்ணி. கூடையில் மஞ்சள் பூனையோடு ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு தாய்மாமன் கடைப் படியேறினாள். அவன் வெளியே வந்தான். எதிரே பார்த்தான். சாவிக்காரம்மா ராவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நாய் மருந்தப் பூனைக்கு விடக் கூடாதும்மா” என்றான். “நான் விட்டு… ஒரு பூனை செத்துப்போச்சு.”

அந்தப் பெண் திடுக்கிட்டுக் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மழையையும் மீறி வார்த்தை வார்த்தையாகத் தெரு தாண்டிக் கேட்டது. இஸ்திரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சாவிக்காரம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டாள்.

“கேக்கல!” என்று கத்தினாள்.