தாடைக்கு அடியில் வெளிச்சம்

எண்பதுக்கு இருபத்து மூன்று. கணக்கில் வந்திருந்தால் விட்டுத் தள்ளியிருப்பேன். வரைதலில் வந்தது. எனக்கு, கலைமதிக்கு, வரைதலில்!

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் டெங்குக் கொசுவிலிருந்து தேசியக் கொடி வரைக்கும் எல்லாம் நான் வரைந்ததுதான். ஆண்டு விழா வந்தால் தலைமையாசிரியரே, "அந்த உப்பளத்துப் பொண்ணக் கூப்பிடுங்க" என்பார். ஆர்க்கிடெக்ட் ஆவதென்று நான் முடிவு செய்தது பத்தாம் வகுப்பு லீவில். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அத்தைக்குத் துணையாகப் பாத்திரம் கழுவப் போயிருந்தேன். பக்கத்து மனையில் ஓர் அம்மா பெரிய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, கோடுகளைக் காட்டிக் காட்டி ஆறு மேஸ்திரிகளை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தார். கோடு போட்டால் ஆறு ஆம்பளைகள் கேட்பார்களா! நானும்தான் நினைவு தெரிந்த நாளிலிருந்து கோடு போடுகிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. மொத்தம் இருநூறு. கம்ப்யூட்டரில் கேள்விக்குப் பதில் சொல்வது நூற்றிருபது, பேப்பரில் வரைவது எண்பது. கம்ப்யூட்டரை நினைத்துத்தான் பயந்தேன். அதில் எழுபது வந்துவிட்டது. வரைதல்தான் காலை வாரியது. சென்னையில் நான் குறி வைத்திருந்த கல்லூரிக்கு நூற்று முப்பதாவது வேண்டும். எனக்கு வந்தது தொண்ணூற்று மூன்று.

செல்போனைத் தரையில் போடவில்லை, அம்மாவின் போன் என்பதால். பென்சிலைத்தான் உடைத்தேன். மூன்று பென்சில்.

அம்மா தெய்வநாயகி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். பள்ளிக்கூடம் பக்கம் ஐந்தாம் வகுப்போடு சரி. உடைந்த பென்சில் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "உன் கைல தப்பு இருக்காதுடி. இந்தப் பென்சில்ல இருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இன்னொரு தடவை எழுதலாம். ஜூன் முதல் வாரம். அதையும் விட்டால் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். முப்பத்து நான்கு நாள் இருந்தது. ஆனால் எதைத் திருத்துவது? விடைத்தாளைத் திருப்பித் தர மாட்டார்கள். எங்கே சறுக்கினேன் என்றே தெரியாமல் எப்படித் தயாராவது?

மறுநாள் சகாயசெல்வி வந்தாள். பிரம்மதேசத்துக்காரி. ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்ச். வாய் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"இன்னாதான் வரைஞ்ச? அப்படியே எனக்கு வரைஞ்சு காட்டு."

கேள்வி எனக்கு மனப்பாடம். உச்சி வெயிலில் கட்டட வேலை செய்யும் மூன்று பேர். ஒளியும் நிழலும் தெளிவாகத் தெரிய வேண்டும். அரை மணி நேரத்தில் அப்படியே வரைந்து கொடுத்தேன். தலையில் சும்மாடு வைத்து மண் தூக்கும் பெண்ணுக்கு எப்போதும்போல் அம்மாவின் முகம்.

செல்வி பேப்பரை அப்படித் திருப்பினாள், இப்படித் திருப்பினாள்.

"ஏண்டி, நட்ட நடு வெயில்ல இவங்களுக்குக் கீழேர்ந்து யாரு டார்ச் அடிக்கறது?"

"டார்ச்சா?"

"தாடைக்கு அடியில பளபளன்னு இருக்குது. மூக்குக்கு அடியிலயும். நெத்தி மட்டும் இருட்டு. பேய்ப் படத்துல வர்ற மாதிரி."

"அது எங்கம்மாடி!"

"உங்கம்மாவப் பேய்னு நான் சொல்லல. பேயா வரைஞ்சது நீ."

அவள் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கினேன். பதினேழு வருஷமாக நான் பார்க்கும் முகம் அது. காலை பதினோரு மணிக்குச் சோற்றுத் தூக்கோடு வரப்பில் போய் நிற்பேன்; அம்மா உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டு நிமிர்வாள். முக்காட்டுத் துணிக்கு உள்ளே நெற்றி மங்கலாக, தாடை வெளிச்சமாக. எங்கள் பக்கத்தில் குடை பிடித்துப் பிரயோஜனமில்லை, வெயில் கீழேயிருந்து வரும். உப்பளத்துப் பெண்கள் வேலைக்கு இறங்குமுன் தேங்காய் எண்ணெயைக் கன்னத்தில் தடவ மாட்டார்கள், தாடைக்கு அடியில்தான் தடவுவார்கள். அங்கேதான் முதலில் கறுக்கும். இதையெல்லாம் இவளுக்கு எப்படிச் சொல்வது?

"வெயில்ல மூஞ்சி இப்படித்தான் இருக்கும். உனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கா? வெயிலு உங்க ஊருக்கு மட்டும் தனியா அடிக்குதா? நாளைக்கு எங்க கொல்லைக்கு வா. பன்னெண்டு மணிக்கு வா."

கோபத்தோடு போனேன். தோற்கடிக்கத்தான் போனேன்.

பிரம்மதேசத்துக் கொல்லைகளில் அப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயம். செல்வியின் அம்மா லூர்துமேரி செம்மண்ணில் குனிந்திருந்தார். "பெரிம்மா, கொஞ்சம் நிமிருங்க" என்றேன். நிமிர்ந்தார். "இன்னா பாப்பா?" என்றார்.

அவருக்குக் கழுத்தே இல்லை. தாடைக்குக் கீழே கன்னங்கரேலென்று நிழல், அது ஜாக்கெட்டில்தான் போய் முடிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. மூக்குக்கு அடியில் மீசை மாதிரி ஒரு கறுப்பு. நெற்றியும் மூக்கு நுனியும் மட்டும் பளிச்சென்று இருந்தன. இதற்கு முன் எத்தனையோ தடவை இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. வரைய உட்கார்ந்தால் என் கை நேராக அம்மாவிடம்தான் போயிருக்கிறது.

"செல்வி! பெரிம்மாவுக்கு மீசை இருக்குதுடி!"

"அடிப்பாவி" என்றார் லூர்துமேரி.

எனக்கு அழுகை வரவில்லை. இருபத்து மூன்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கொல்லைக்குள் குதித்தேன். மல்லாட்டைச் செடியை மிதித்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதுவும் இனித்தது.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. பார்க்கிறவர்களின் தாடைக்கு அடியில் பார்ப்பதே வேலை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா, டீக்கடை மாஸ்டர், பொம்மையார்பாளையம் நிறுத்தத்தில் மீன்கூடையோடு ஏறுகிற ஆயா, ஒருத்தரையும் விடவில்லை. மடியில் நோட்டு, கையில் பென்சில், கண் கழுத்தில். ஒரு கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, என் மூஞ்சில இன்னா ஒட்டிக்கினு இருக்குது?" என்று கேட்டார்.

"நிழலுங்க" என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்துக்கொண்டார். நிழல் போகவில்லை.

இருபது நாளில் நூற்றுப் பன்னிரண்டு தாடை வரைந்தேன். செல்வி, டீச்சர் மாதிரி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து திருத்தினாள். "இவரு ஓகே. இவரு பாஸ். இவரு மறுபடியும் பேயி." அந்தப் பேய்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. எல்லாமே உப்பளத்தில் வரைந்தவை. அங்கே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து, ஒரு கோடுகூடக் கற்பனையில்லாமல் வரைந்தவை. என் கண் பொய் சொல்கிறதா? எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஒரு முட்டையை அவித்தேன். அம்மாவின் கறுப்புப் புடவையை மடித்து அதன்மேல் முட்டையை நிறுத்தி, மேலேயிருந்து செல்வி போன் வெளிச்சத்தைக் காட்டினாள். முட்டையின் அடிப்பாகம் இருண்டு கிடந்தது. லூர்துமேரி பெரியம்மாவேதான். அப்புறம் புடவையை எடுத்துவிட்டு வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்தேன். அதே முட்டை, அதே போன், அதே உயரம். அடிப்பாகம் பளீரென்று எழுந்தது.

"எங்கம்மா!" என்று கத்தினேன்.

செல்வி போனை நழுவவிட்டாள்.

நான் முகத்தைத் தப்பாக வரையவில்லை. தரையைத்தான் தப்பாகப் போட்டிருக்கிறேன்! உப்பளத்து முகத்தைக் கொண்டுபோய்ச் செம்மண் மனையில் நிறுத்தியிருக்கிறேன். வெளிச்சம் மேலேயிருந்து வந்து, வெள்ளைத் தரையில் பட்டு, திரும்ப எழும்பித் தாடையைத் தொடுகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செல்வியைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். கதவைத் திறந்துகொண்டு வந்த அப்பா, எங்களையும் முட்டையையும் பார்த்தார். "உப்பு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு முட்டையைத் தின்றுவிட்டார்.

ஜூன் முதல் சனிக்கிழமை, புதுச்சேரியில் தேர்வு. கம்ப்யூட்டர் பகுதி ஓடிவிட்டது. வரைதல் தாளைப் பிரித்தேன்.

நண்பகல். மொட்டை மாடியில் துணி காயப்போடும் ஒரு பெண், கீழே தெருவில் நிற்கும் வியாபாரியோடு பேசுகிறாள். ஒளி, நிழல் தெளிவாகத் தெரிய வேண்டும்.

சுற்றிலும் பென்சில்கள் உரசத் தொடங்கின. என் கை நின்றுவிட்டது. சுலபமான வழி ஒன்று இருந்தது. மாடியைச் சிமெண்ட் நிறத்தில் போட்டு, இரண்டு பேருக்கும் தாடைக்கு அடியில் நிழல் போட்டுவிட்டால் ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு தாடை வரைந்த கை, கண்ணை மூடிக்கொண்டு போடும். ஆனால் வெயில் தாங்காமல் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊர் வழக்கம்தானே? வெள்ளை மாடியில் அவளை நிறுத்தினால், அவள் முகம் எங்கள் உப்பளத்து முகம். திருத்துகிறவர் போன தடவை மாதிரியே பேய் என்று நினைத்துவிட்டால் மறுபடியும் இருபத்து மூன்று. அதற்கப்புறம் தேர்வு கிடையாது, சென்னை கிடையாது.

பயமாக இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு குஷியும் வந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இந்த ஹாலில் இருக்கிற அத்தனை பேரிலும் இது எனக்கு மட்டும் தெரியும் என்று தோன்றியது. வரைந்தேன்.

மாடியைப் பேப்பரின் வெள்ளையாகவே விட்டேன். கொடியில் வெள்ளை வேட்டிகள். நடுவில் குனிந்து எட்டிப் பார்க்கும் பெண். முக்காட்டுக்குள் நெற்றி மங்கல், தாடை வெளிச்சம். கீழே தார்ச்சாலையைக் கறுப்பாகத் தேய்த்தேன். அதில் தள்ளுவண்டிக்காரர் அண்ணாந்து பேசுகிறார். அவருக்குப் பக்கத்தில் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கும் ஓர் அம்மாளையும் நிறுத்தினேன்; அந்த அம்மாளுக்குக் கண் குழிகள், கழுத்து நிழல், மூக்குக்கு அடியில் லூர்துமேரி பெரியம்மாவின் மீசை. ஒரே சூரியன். பார்க்கிறவர் மாடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் சாலையைப் பார்க்கட்டும், சாலையைப் பார்த்துவிட்டு மறுபடி மாடியைப் பார்க்கட்டும். மணி அடித்தபோது என் உள்ளங்கை முழுக்கக் கரி.

பத்து நாள் கழித்து மதிப்பெண் வந்தது. காலை பதினோரு மணி. செல்விதான் அவள் போனில் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் வாயைத் திறக்காதது அதுதான் முதல் தடவை.

வரைதல்: எண்பதுக்கு எழுபத்தொன்று. மொத்தம்: நூற்று நாற்பத்தாறு.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். வரப்பு வழுக்கியது, ஒரு கால் பாத்தியில் இறங்கி உப்பு கீறியது, நிற்கவில்லை. தூரத்தில் பத்துப் பெண்கள் வரிசையாக உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி முக்காடு, ஒரே மாதிரி பழைய சட்டை. ஆனாலும் எனக்குத் தெரியாதா?

"அம்மா! எழுவத்தொண்ணு! எண்பதுக்கு எழுவத்தொண்ணு!"

அம்மா பலகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். தாடைக்கு அடியில் அந்த வெளிச்சம். பேய் இல்லை, என் அம்மா. நின்று பார்த்தேன். அழுதுவிட்டேன்.

"கெடைக்குமா சீட்டு?"

"கெடைக்கும்மா."

"அப்போ ஏன் அழுவற?" என்று கேட்டுவிட்டு அவளும் முந்தானையை எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா படம் போட்ட?" என்றாள்.

"மொட்டை மாடில ஒரு பொம்பள துணி காயப்போடறா. நீதாம்மா அது."

"நமக்கு ஏதுடி மாடி?"

"கட்டித் தர்றேன். நானே வரைஞ்சு, நானே கட்டித் தர்றேன்."

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். கண் எட்டும் வரைக்கும் வெள்ளை வெளேரென்று உப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கட்டு. ஆனா அதுக்கு வெள்ளை மட்டும் அடிச்சிடாதடி. வீட்லயாவது எனக்குக் கண்ணு கூசாம இருக்கட்டும்."